கிறுக்கலைப் படித்தவர்

எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் கையெழுத்துப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் இரண்டே மேசைகள். ஒன்றில் அவர் உட்கார்ந்து, படிவத்தில் இருக்கும் கையெழுத்து பாலிசிதாரருடையதுதானா என்று பார்ப்பார். இன்னொன்றில் நான் உட்கார்ந்து, அவர் பார்த்தாகிவிட்டது என்று முத்திரை குத்துவேன். முப்பத்தோரு வருடம் அவர் பார்த்தார். அதில் பத்தொன்பது வருடம் நான் குத்தினேன். இரண்டு வேலைக்கும் ஒரே படிப்புதான் கேட்டார்கள். நிர்வாகம் எங்களைப் பற்றி என்ன நினைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அவருக்கு அலுவலகம் முழுக்க லென்ஸ் என்று பெயர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். வலது கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, அந்தப் பக்கத்துக் கன்னம் மட்டும் பத்து வயது மூத்ததாகிவிட்டது. யார் எதைக் காட்டினாலும் முதலில் குறைதான் சொல்வார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் அச்சில் எழுத்து சாய்ந்திருப்பதைச் சொல்வார். குழந்தை படத்தைக் காட்டினால், எடுத்தவர் கை நடுங்கியிருக்கிறது என்பார்.

ஆனால் தொழிலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கள்ளக் கையெழுத்து என்றால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

"வடிவத்தை எவன் பாக்கறான்?" என்பார். "வடிவம் திருடனுக்கும் நல்லா வரும். திருடனுக்குத்தான் ரொம்ப நல்லா வரும். வேகம் வராது. சொந்தக் கையெழுத்தை எவனும் பாத்துப் போடமாட்டான். அடுத்தவன் கையெழுத்துன்னா நாலு தடவை நிறுத்தி, எட்டிப் பாத்துப் போடுவான். நிறுத்தின இடத்துல மை கொஞ்சம் கூட ஊறும். அவ்வளவுதான், ஆள் மாட்டினான்."

இந்த வித்தையை அவர் வீட்டிலும் விடவில்லை. கல்யாணம் நிச்சயமானதும் பெண்ணிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. உருகி உருகி இரண்டு பக்கம். இவர் முன்பு வந்திருந்த ஒரு வாழ்த்து அட்டையில் அந்தப் பெண் போட்டிருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "கடிதம் கிடைத்தது. எழுதியவர் உங்கள் அக்கா என்று தெரிகிறது. நீங்களே நாலு வரி எழுதினால் மகிழ்வேன்" என்று பதில் போட்டார். நாலு வரி வந்தது. "எனக்கு எழுத வராது. அக்காவுக்கு வரும். அவள் எழுத்துதான் வேண்டும் என்றால் அவளையே கட்டிக்கொள்ளுங்கள். எனக்கு வேலை இருக்கிறது."

"அந்த நாலு வரியில தாளே கிழியற மாதிரி ஒரு அழுத்தம் இருந்துது பாருங்க," என்று சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் குறை சொல்லும் களை இருக்காது. "அதைப் பாத்துத்தான் இவதான்னு முடிவு பண்ணேன்."

இப்படி இருந்தவருடைய வாழ்க்கையில் ஒரு படம் வந்து மாட்டிக்கொண்டது.

புதிதாக வந்த நிர்வாக இயக்குநர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு, பெரிய நிறுவனங்களின் முன்கூடத்தில் நவீன ஓவியம் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு திரும்பினார். நம் முன்கூடத்தில் அதுவரை இருந்தது தீயணைப்பான் ஒன்று, குடைகள் வைக்கும் தொட்டி ஒன்று. அவையாவது அவசரத்துக்கு உதவும். அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு படம் வாங்கி மாட்டினார்கள். வரைந்தவர் செத்து இருபது வருடமாகிறதாம். ஏழு அடி அகலம், நாலு அடி உயரம், கண்ணாடி போட்ட கறுப்புச் சட்டம். உள்ளே வெள்ளைத் தாளில் பென்சில் கோடுகள். இடது பக்கம் கீழே ஒரு கோடு புறப்பட்டு, வளைந்து, தன்மேலேயே ஏறி, வலது பக்கம் வரைக்கும் போகிறது. நடுவில் எதையோ போட்டு அழித்த சாம்பல் கறை. வலது ஓரத்தில் சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கில் கீற்றுகள். ஆள் இல்லை, மரம் இல்லை, ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை. பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு: "தலைப்பற்றது – 14."

திறப்பு விழாவுக்கு எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்தார்கள். கலை நிபுணர் ஒருவர் வந்திருந்தார். கழுத்தைச் சுற்றித் துணி. கோடை காலத்திலும் துணி. அவர் கண்ணை மூடிக்கொண்டு படத்தைப் பற்றிப் பேசினார்.

"இது கோடு அல்ல. கோடாக இருக்க மறுத்த ஒன்றின் மௌனம். இங்கே வெளி தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்கிறது. பதில் வராததே இதன் பதில்."

நாங்கள் கை தட்டினோம். பதில் வராததே பதில் என்பது எங்கள் இழப்பீட்டுப் பிரிவின் கொள்கையும் ஆனதால், அந்தப் பிரிவு கொஞ்சம் பலமாகவே தட்டியது.

மாடிக்குப் போனதும் எல்லோரும் லென்ஸைச் சூழ்ந்துகொண்டார்கள். இப்படி ஒரு விருந்தை அவர் விடமாட்டார் என்று தெரியும்.

"ஆறு மாசமா பேனா எழுதலைன்னு புகார் கொடுத்துக்கிட்டிருந்தோம் இல்ல?" என்றார் அவர். "பேனா எழுதுதான்னு எழுதிப் பாத்த தாளை எடுத்து மாட்டிட்டாங்க. புகார் தீர்ந்துது."

மாடியே அதிர்ந்தது. நான் என் பங்குக்கு, "பதினாலாவதுதானே வாங்கியிருக்காங்க. முதல் பதிமூணுலேருந்து தப்பிச்சோம்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள், ஆனால் அவ்வளவு இல்லை.

அதோடு அவர் விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. வாயால் சொன்னதைத் தாளில் நிரூபிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "நாளைக்கு மத்தியானம் லென்ஸை எடுத்துக்கிட்டுப் போறேன். இது ஒரு ஆள் போட்டதா, நாலு பேர் குடிச்சுட்டுக் கிறுக்கினதான்னு எழுதியே தர்றேன்" என்று சவால் விட்டார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கையில் பூதக்கண்ணாடியும் ஒரு சின்ன டார்ச்சுமாக இறங்கினார். அரை மணி நேரத்தில் வந்து எல்லோரையும் சிரிக்கவைப்பார் என்று காத்திருந்தோம். அரை மணி, ஒரு மணி ஆயிற்று. வரவில்லை. ஆள் மயங்கி விழுந்துவிட்டாரோ என்று நான் கீழே போனேன். படத்தின் இடது மூலையில், தரையில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்திருந்தார்.

"இங்க வாய்யா," என்றார், தலையைத் திருப்பாமல். "இந்த ஆளு இடது கைக்காரன்."

"யாரு?"

"போட்டவன். இடமிருந்து வலமா போறப்போ, போட்ட கோட்டு மேலேயே உள்ளங்கை தேச்சுக்கிட்டு வந்திருக்கு பாரு. இடது கைக்காரனுக்குத்தான் இந்தக் கஷ்டம். அப்புறம் இதைச் சுவத்துல வச்சுப் போடலை. தரையில விரிச்சுப் போட்டிருக்கான். இந்தா, இந்தக் குழி தெரியுதா? முழங்கால். தாள் மேலேயே ஏறி உக்காந்திருக்கான், படுபாவி."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்றேன். பத்தொன்பது வருடப் பழக்கம்.

"இந்த நீளக் கோடு இருக்கே, இது கிறுக்கல்னு நினைச்சேன். கிறுக்கினா வேகமா இருக்கணும் இல்ல? வேகமா போனா பென்சில் தாளோட மேட்டுல மட்டும் ஒட்டும், பள்ளம் வெள்ளையா நிக்கும். இங்க பாரு, பள்ளமெல்லாம் ரொம்பியிருக்கு. எறும்பு மாதிரி ஊர்ந்திருக்கான். எங்கேயும் தூக்கலை. எங்கேயும் நிக்கலை. ஒரே மூச்சு. அப்புறம் இந்த வளைவு வந்ததும் பிச்சுக்கிட்டு ஓடறான். ஏன் ஓடறான்?"

"ஏன்?"

"அதான் தெரியலை," என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவருக்கு முன்கூடம்தான். சாப்பாட்டு டப்பாவைக்கூட அங்கேயே கொண்டுபோய்விடுவார். மூன்று வாரத்தில் வலது ஓரத்துக் கீற்றுகளை எண்ணி முடித்தார்: அறுநூற்று நாற்பத்திரண்டு. எல்லாம் மேலிருந்து கீழே இழுத்தவை. தலையில் அழுத்தம், வாலில் இலேசு. நானூறு தாண்டியதும் கை சோர்ந்து கீற்றுகள் சாயத் தொடங்குகின்றனவாம். பிறகு திடீரென்று ஒரு கீற்று ஊசி மாதிரி மெலிதாக, நிமிர்ந்து நிற்கிறதாம். "பென்சிலைச் சீவியிருக்கான்!" என்று மூன்றாம் மாடியில் வந்து கத்தினார், ஏதோ பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்ததுபோல.

அலுவலகம் சும்மா இருக்குமா? நேற்றுவரை அவர் மற்றவர்களுக்குச் செய்ததை இப்போது மற்றவர்கள் அவருக்கு வட்டியோடு செய்தார்கள். அவர் மேசையில் கிறுக்கிய காகிதங்களை வைத்து, "ஐயா, இதில் என் மனநிலை என்ன?" என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவர் லென்ஸை வைத்துப் பார்த்து, "இடுப்பு வலி. நாற்காலியை மாத்து" என்று பதில் எழுதி அனுப்புவார். பாதிப் பேருக்கு அது சரியாகவும் இருந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

அவர் மனைவிக்குச் செய்தி போயிற்று. ஒரு மத்தியானம் கிளம்பி வந்துவிட்டார். காய்கறிப் பையோடு முன்கூடத்தில் நின்று, தரையில் கிடக்கும் புருஷனையும் சுவரில் கிடக்கும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் அங்கே இருந்தேன்.

"இந்த ஆளு உங்களுக்கு என்ன உறவு வேணும்?" என்று கேட்டார்.

"ஒரு உறவும் இல்லைம்மா. சும்மா பாக்கறேன். நீயும் பாரேன்."

அந்த அம்மா லென்ஸ் எதுவும் கேட்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் நாலடி போய் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நடுவில் இருந்த சாம்பல் கறையைக் காட்டினார்.

"இங்க கோவம் வந்துடுச்சு. எதையோ போட்டுட்டு, சேன்னு தேச்சிருக்காரு. தாளே நாரு நாரா எழும்பியிருக்கு. அப்புறம் எழுந்து போயிட்டாரு."

"எழுந்து போனது எப்படித் தெரியும்?"

"அடுத்த கோட்டைப் பாருங்க, எவ்வளவு சாந்தமா இருக்கு. சாப்பிட்டுட்டு வந்திருக்காரு."

லென்ஸ் எழுந்து போய் அந்தக் கோட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "மூணு வாரமா இந்த இடத்துல முட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். "நாலடி தள்ளி நின்னு சொல்லிட்டா."

"வீட்ல முப்பது வருஷமா நான் பாக்காத கோவமா?" என்றார் அந்த அம்மா, பையை எடுத்துக்கொண்டு.

அதன்பின் முன்கூடத்துக்கு வெள்ளையடிப்பதாகச் சொல்லிப் படத்தைக் கழற்றினார்கள். பதினாறு நாள் சுவர் காலியாக இருந்தது. லென்ஸ் அந்தப் பதினாறு நாளும் காய்ச்சல்காரர்போல் இருந்தார். பதினேழாம் நாள் காலையில் படம் திரும்ப வந்தது. மத்தியானம் வரை பொறுக்காமல் பத்து மணிக்கே இறங்கினார். இரண்டு நிமிடத்தில் மேலே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அது அது இல்லை" என்றார்.

"எது எது இல்லை?"

"படம். காப்பி. எவனோ பாத்துப் போட்டிருக்கான்."

நான் கதவைச் சாத்தினேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் அப்போது படித்துக்கொண்டிருந்தன.

அவர் கேட்கவில்லை. சொல்லிக்கொண்டே போனார். கோடு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, வளைவு எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த ஒரே மூச்சுக் கோடு இப்போது நாலு விரற்கடைக்கு ஒருமுறை நிற்கிறது. போட்டவர் தலையைத் தூக்கி அசலைப் பார்த்திருக்கிறார். ஓட வேண்டிய இடத்தில் நடக்கிறது. அறுநூற்று நாற்பத்திரண்டு கீற்றும் ஒரே அழுத்தம். யாருக்கும் கை வலிக்கவில்லை. நடுவில் அழித்த இடம் இருக்கிறதே, அங்கே நார் எழும்பவில்லை. "அழிச்ச மாதிரி வரைஞ்சிருக்காங்கய்யா! யாரும் எதையும் அழிக்கலை!" எல்லாவற்றுக்கும் மேலே, முழங்கால் ஊன்றிய குழி இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு சாம்பல் வட்டம் போட்டு வைத்திருந்தார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சரி, விடுங்க" என்றேன். "ரெண்டுமே கிறுக்கல்தானே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

வழக்கமான படிவத்தையே எடுத்தார். பாலிசிதாரர் பெயர் என்ற இடத்தில் "முன்கூடத்துப் படம்" என்று எழுதினார். ஒப்பீட்டு முடிவு என்ற இடத்தில் "போலி" என்று எழுதி, பதினொரு காரணங்களை வரிசையாகக் கீழே போட்டார். என்னிடம் நீட்டினார். குத்தினேன். அதில் எனக்குப் பெருமை இருக்கிறது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அப்போது முத்திரையை நல்ல வேளையாகத் தலைகீழாகக் குத்திவிட்டோம், படிக்க முடியாது என்றுதான் ஆறுதல்பட்டேன்.

மூன்றாம் நாள் நிர்வாக இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். படிவத்தில் என் முத்திரையும் இருந்ததால் என்னையும் கூப்பிட்டார். கலை நிபுணரும் இருந்தார், கழுத்துத் துணியோடு.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று இயக்குநர் லென்ஸைக் கேட்டார்.

"கையெழுத்து, சார்."

"ஓவியத்துல?"

"படத்துலயும் கைதானே சார் போட்டிருக்கு?"

இயக்குநர் நிபுணரைப் பார்த்தார். எல்லோரும் முன்கூடத்துக்குப் போனோம். நிபுணர் படத்தின் முன்னால் நின்று கண்ணை மூடினார். படத்தைச் சோதிப்பதற்குக் கண்ணை மூடிக்கொண்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். "அதே மௌனம்" என்றார். "அதே கேள்வி. இன்னும் சொல்லப்போனால், வெள்ளையடித்த சுவரில் அந்த மறுப்பு கூர்மையடைந்திருக்கிறது."

"சார், இந்த வட்டம் என்னன்னு கேளுங்க" என்றார் லென்ஸ்.

"பூரணத்துவத்துக்கான ஏக்கம்" என்றார் நிபுணர்.

"அது முழங்கால் சார்."

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வாரம் லென்ஸுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தரைக்குக் கீழே ஆவணக் கிடங்கு. காலாவதியான பாலிசிகள், உடைந்த நாற்காலிகள், அவற்றைப் பார்த்துக்கொள்ள அவர். கையெழுத்துகளைப் பார்க்க ஒரு இயந்திரம் வாங்கினார்கள். அது வடிவத்தை மட்டும் பார்க்கும். அது வந்த வருடம் எங்களிடம் ஒரு கள்ளக் கையெழுத்துகூட பிடிபடவில்லை. நிறுவனத்தில் மோசடி ஒழிந்துவிட்டதாக ஆண்டறிக்கையில் போட்டார்கள்.

விஷயம் அதோடு அமுங்கியிருக்கும். எட்டு மாதம் கழித்து ஒரு அம்மா தன் பாலிசி விஷயமாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பள்ளிப் புத்தகங்களுக்கு விளக்கப்படம் வரைபவர். பூவின் குறுக்குவெட்டு, தவளையின் வயிறு, எரிமலை எல்லாம் அவர் கைதான். முன்கூடத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது இங்க என்ன பண்ணுது?" என்று வரவேற்பு மேசையில் கேட்டார். "இது நான் வரைஞ்சது."

வரவேற்பு மேசைப் பெண் சிரித்து, "இது போலின்னு சொன்ன ஒருத்தர் கீழே இருக்கார், போய்ப் பாருங்க" என்று கிடங்குக்கு வழி காட்டிவிட்டார். வேடிக்கைக்காகச் செய்தது. அங்கே நின்ற என்னையும் கீழே அனுப்பினார், என்ன நடக்கிறது என்று பார்த்துவந்து சொல்ல.

அந்த அம்மா விஷயத்தைச் சொன்னதும், "நீங்கதானா அது?" என்று லென்ஸ் எழுந்து நின்றார். "முழங்காலை ஏம்மா வரைஞ்சீங்க?"

"எது முழங்கால்? அந்த வட்டமா?" அந்த அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். "ஐயையோ. என்னன்னே தெரியலைங்க. இருந்துது, போட்டேன்."

இருவரும் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் திண்டாடினார்கள். பிறகு அந்த அம்மா விவரம் சொன்னார். இயக்குநர் வீட்டில் வைத்து வரைந்ததாம். அசல் அலுவலகத்தில் இருக்கும், நகல் வீட்டுக்கு என்றுதான் அவரிடம் சொன்னார்களாம். பதினோரு நாள் பிடித்ததாம்.

"அவரு ஒரு நாள்ல போட்டிருப்பாரு. தவளை, எரிமலை எதைச் சொன்னாலும் வரைவேன். ஒரு தப்பைப் பாத்து வரையறது இருக்கே, கை வராதுங்க. அவரு கை வழுக்கின இடத்துல நான் அளந்து வழுக்கணும். நாலாம் நாளே பென்சிலைப் போட்டுட்டு எழுந்திருச்சுட்டேன். இந்த ஆளு என்ன தைரியத்துல இப்படிப் போனாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். வேலை முடிஞ்சும் ரெண்டு நாள் போய்ப் பாத்தேன்."

"எந்த இடம்?"

"அந்த ஓடற இடம்."

லென்ஸ் தலையை ஆட்டினார். ஏன் ஓடுகிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா, "நான் ஒண்ணும் திருட்டு வேலை பண்ணலைங்க. பின்பக்கம் நகல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தேன்" என்றார். லென்ஸ் உட்கார்ந்துவிட்டார். எட்டு மாதமாக ஒரு நிறுவனம், ஒரு நிபுணர், ஏன், லென்ஸ்கூட, அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நிர்வாகக் குழுவின் தலைவர் ஒரு வயதான அம்மா. வருடத்துக்கு ஒருமுறை வந்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். அந்த வருடம் அவர் வந்த அன்று, முன்கூடத்தில் நாங்கள் வரிசையாக நிற்க, கிடங்குப் படியிலிருந்து லென்ஸ் ஏறி வந்தார். கூடவே விளக்கப்படக்கார அம்மா. இயக்குநர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றார் லென்ஸ். "அந்தப் படத்தைத் திருப்பிப் பாக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"எதுக்கு?" என்றார் இயக்குநர்.

"திருப்பினா என்ன, உடைஞ்சா போயிடும்?" என்றார் தலைவர் அம்மா. "திருப்புங்கப்பா."

இரண்டு காவலாளிகள் தூக்கித் திருப்பினார்கள். பின் அட்டையில் தெளிவாக எழுதியிருந்தது: "நகல். முழுவதும் என் கையால் வரைந்தது." கீழே கையெழுத்து. தலைவர் அம்மா உரக்கப் படித்தார்.

இயக்குநர் கெட்டிக்காரர். ஒரு நொடியில் சமாளித்துக்கொண்டார். "ஆமாம்மா, இது பாதுகாப்பு ஏற்பாடு. அசல் பத்திரமா இருக்கு."

"எங்க?"

"என் வீட்ல."

"வீட்ல எங்க?"

"சோபாவுக்கு மேல."

"அங்க யாரு பாதுகாக்கறாங்க?"

"என் மனைவி" என்றார் இயக்குநர்.

எல்லோரும் தரையைப் பார்த்தோம். நான் தொண்டையைக் கனைத்துச் சிரிப்பை விழுங்கினேன். கலை நிபுணர் மட்டும் தளரவில்லை. நகலின் மௌனம் அசலின் மௌனத்தைவிட ஆழமானது என்று அடுத்த மாதமே ஒரு பத்திரிகையில் நாலு பக்கம் எழுதினார்.

நியாயம் எப்படிக் கிடைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். இயக்குநருக்கு ஒரு கண்டனக் கடிதமும், பாதுகாப்பில் காட்டிய அக்கறைக்காக ஒரு பாராட்டுக் கடிதமும் கொடுத்தார்கள். அசலை வரவழைத்தார்கள். அதை எங்கே வைப்பது என்று ஒரு குழு கூடியது. முன்கூடத்தில் இருப்பது சுவரின் அளவுக்கு நன்றாகப் பொருந்திவிட்டது, பார்வையாளர்களும் பழகிவிட்டார்கள், கோடுகளும் அசலைவிடத் தெளிவாக இருக்கின்றன, ஆகவே அதுவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. விலை உயர்ந்த அசலைக் கட்டடத்திலேயே பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும். பத்திரமான இடம் தரைக்குக் கீழே இருந்த ஆவணக் கிடங்கு.

லென்ஸை மூன்றாம் மாடிக்குத் திரும்ப அழைக்கவில்லை. அங்கே இடம் இல்லை, இயந்திரம் இருந்தது. அதனால் மிச்சமிருந்த இரண்டரை வருடமும், காலாவதியான பாலிசி அலமாரிகளுக்கு நடுவே, உடைந்த நாற்காலி ஒன்றைக் கட்டிச் சரிசெய்து, அந்தப் படத்துக்கு எதிரில் போட்டு உட்கார்ந்திருந்தார். சில நாட்கள் அவர் மனைவி வருவார். சில நாட்கள் விளக்கப்படக்கார அம்மா வருவார். நானும் போவேன். ஒரு நாள் டார்ச்சை என் கையில் கொடுத்து, பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். தாளில் ஒரு சின்னக் குழி, அதைச் சுற்றி இலேசான மடிப்பு. மனுஷன் அங்கே முழங்காலை ஊன்றி, எட்டி, அதற்கு மேல் எட்ட முடியாமல், காலை மாற்றியிருக்கிறார். அந்த இடத்தில் கோடும் ஒரு மயிரிழை அசைந்திருந்தது. எனக்கு உடம்பு கூசிற்று. மேலே போய் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னைச் சும்மா விடுவார்களா?

ஓய்வுபெற்ற அன்று விழா எடுத்தார்கள். இயக்குநரே வந்து, லென்ஸின் கலை ஆர்வத்தை மெச்சி, முன்கூடத்துப் படத்தைச் சின்னதாக அச்சடித்துச் சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுத்தார். அதாவது நகலின் நகல். லென்ஸ் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வீட்டில் அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "சட்டம் நல்ல சட்டம்" என்று உள்ளே இருந்ததை உருவிவிட்டு, பேத்தி மிதிவண்டி ஓட்டும் படத்தைப் போட்டு மாட்டிவிட்டார்.

இப்போது மாதத்தில் ஒரு நாள் கிடங்குக்கு வந்துபோக அவருக்கு அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நாலு விண்ணப்பம் பிடித்தது. கிடங்குக்குப் புதிதாக வந்திருக்கும் எழுத்தர் அம்மாவுக்கு அவரிடம் நல்ல மரியாதை. இவர் வந்ததும் விளக்கைப் போட்டு, நாற்காலியைத் துடைத்துவைப்பார். போன தடவை லென்ஸ் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்தபோது அந்த அம்மா கேட்டார்:

"சார், இதை வாங்கிக்கிட்டேன்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்களேன். எனக்கு அங்க ஒரு அலமாரி வைக்க இடம் கிடைக்கும்."

லென்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்ல சார், நிஜமாத்தான் சொல்றேன்" என்றார்.